இருபது ஒத்தை ரூபாயும் ஓர் எலுமிச்சம்பழமும்

எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் பயிற்சி என்ற பேரில் முதன்முதலாக 'விளையாட்டு' நடந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னமும் கூச்சமாக இருக்கும். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். கோட்டு, காதோரம் மைக். தையல் மிஷின்கள் ஓடும் பவர் டேபிளை நிறுத்தி, அறுபது பேரைக் கீழே பேக்கிங் ஹாலுக்கு இறக்கி, ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரு பலூனை இருவர் முதுகுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கீழே விழாமல் நடக்கச் சொன்னார். ஐம்பதை நெருங்கும் செக்கிங் அக்கா ஒருவர் பலூனை மேஜை மேல் வைத்துவிட்டு, "ஏனுங் தம்பி, இதுக்கு எத்தனை பீஸ் போட்டுக் குடுப்பீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தார். கேள்வி அவருக்குப் புரியவில்லை.

எங்கள் டெய்லர்களில் பாதிப் பேர் பீஸ் ரேட். மிஷினில் உட்கார்ந்தால் காசு, எழுந்தால் இல்லை. பலூனோடு போன முக்கால் மணி நேரம் ஆபீஸ் கணக்கில் பயிற்சி. அவர்கள் கணக்கில் சனிக்கிழமைச் சம்பளக் கவரில் விழுந்த ஓட்டை. அந்த வாரம் கவரை எண்ணிப் பார்த்துவிட்டு மூன்று பேர் நேரே என்னிடம் வந்தார்கள். நான் புரொடக்‌ஷன் பார்க்கிறவன், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன். சொல்லப் பதில் இல்லை.

பிறகு சின்ன முதலாளி கூப்பிட்டு, "வெளியாள் வேண்டாம்ணா, நீங்களே ஏதாச்சும் பண்ணிப் பாருங்க. லைன்ல இருந்து ஒரு யோசனைகூட மேல வர மாட்டேங்குது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். வாரம் ஒருமுறை மீட்டிங் போடுவோம். நான் பேசுவேன், சூப்பர்வைசர் தலையாட்டுவார், மற்றவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நான் இரண்டு நிபந்தனை போட்டேன். விளையாட்டு வேலை நேரத்தில்தான் நடக்க வேண்டும். பீஸ் ரேட் ஆட்களுக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு முந்தின வாரச் சராசரிக் கூலி போட்டுத் தர வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இந்த மாதிரிப் பயிற்சி விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்த விளையாட்டு, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கூலி யார் தருவது என்று ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கு முதல் கேள்வி அதுதான்.

முதலில் எடுத்தது கோபுரம். பீட்டர் ஸ்கில்மேன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியது. 2010-இல் டாம் வூஜெக் என்பவர் டெட் (TED) மாநாட்டு மேடையில் இதைப் பற்றிப் பேசிய பிறகு ஊரெல்லாம் பரவியது. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 20 ஸ்பாகெட்டிக் குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். 18 நிமிடத்தில் மேஜை மேல் தானாக நிற்கிற கோபுரம் கட்டி, உச்சியில் அந்த மிட்டாயை வைக்க வேண்டும். எது உயரமோ அது ஜெயிக்கும்.

ஸ்பாகெட்டி எங்கள் ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஆனால் திங்கிற பொருளை ஒடித்து விளையாடுவதை எங்கள் அக்காக்கள் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சீமாற்றைப் பிரித்து ஈர்க்குச்சி எடுத்துக்கொண்டோம். நூலுக்கும் டேப்புக்கும் பனியன் கம்பெனியில் பஞ்சமா? மிட்டாய்க்குப் பதில் எலுமிச்சம்பழம், விளையாடி முடித்து ஜூஸ் போட்டுக்கொள்ளலாம் என்று. ஐந்து குழு. 18-ஆவது நிமிடத்தில் ஐந்தும் தரையில். மார்ஷ்மெல்லோ பஞ்சு மாதிரி. எலுமிச்சை அதைப்போல் நாலைந்து மடங்கு கனம். ஈர்க்குச்சி வளைந்து கும்பிட்டுவிட்டது. வீட்டில் ஒரு தடவை கட்டிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து எலுமிச்சைக்குப் பதில் தேன்மிட்டாயோடு மறுபடி. குழுவை நானே கலந்துவிட்டேன். ஒரு குழுவில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் பையன், கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் அக்கா, ஒடிசாவிலிருந்து வந்து நான்கு மாதமே ஆன ஹெல்பர் பையன். மெர்ச்சண்டைசர் பேப்பர் எடுத்துப் படம் போட்டார். கட்டிங் மாஸ்டர் அதைத் திருத்தினார். அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நிமிடம் போயிற்று, ஒரு குச்சிகூட நிற்கவில்லை. அந்தப் பையனுக்குப் பேச்சு புரியாது. அவன் பாட்டுக்கு மூன்று குச்சியை முக்காலி மாதிரிக் கட்டி, உச்சியில் தேன்மிட்டாயைக் குத்தி நிறுத்திப் பார்த்தான். ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தக் காலுக்கு இன்னொரு குச்சி சேர்த்தான். மறுபடி குத்தினான். பதினோராவது நிமிடத்தில் அவனிடம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நிற்கிற பொருள் ஒன்று இருந்தது. மற்ற மூவரிடமும் அருமையான படம் இருந்தது.

வூஜெக் அந்தப் பேச்சில் சொல்வதும் இதையேதான். மேலாண்மைப் படிப்புப் படித்து முடித்த கையோடு வருகிறவர்களைவிடப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் உயரமாகக் கட்டுகிறார்கள். படித்தவர்கள் திட்டம் போட்டு, கடைசி நிமிடத்தில் மிட்டாயை உச்சியில் வைப்பார்கள், கோபுரம் உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் முதலிலிருந்தே மிட்டாயை வைத்து வைத்துப் பார்ப்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை. கட்டிங் மாஸ்டர்தான் சொன்னார்: "பையன் சாம்பிள் போட்டான், நாம பல்க் ஓட்டிட்டோம்." திருப்பூரில் சாம்பிள் அப்ரூவல் வராமல் பத்தாயிரம் பீஸை யாரும் வெட்ட மாட்டார்கள். துணியில் அவ்வளவு எச்சரிக்கை. ஆனால் லைனை மாற்ற வேண்டும், ஸ்டோர்ஸை மாற்ற வேண்டும் என்றால் திங்கட்கிழமை காலை போர்டில் எழுதிப் போட்டு மொத்தமாக மாற்றிவிடுவோம், புதன்கிழமை பழையபடி திரும்பிவிடுவோம். அன்றிலிருந்து எங்கள் ஹாலில் ஒரு பேச்சு வழக்கு வந்துவிட்டது. யாராவது பெரிய யோசனை சொன்னால், "சாம்பிள் போட்டுப் பார்க்கலாங்ளா?" என்று ஒரு குரல் வரும். எலுமிச்சை விஷயத்தில் சாம்பிள் போடாமல் பல்க் ஓட்டியது நான்தான் என்பதையும் யாராவது ஞாபகப்படுத்துவார்கள்.

மூன்றாம் முறை முதலாளிக்கு உற்சாகம் வந்து, ஜெயிக்கிற குழுவுக்கு 2,000 ரூபாய் என்று அறிவித்துவிட்டார். ஹாலின் முகமே மாறிப்போயிற்று. எந்தக் குழுவும் பக்கத்து மேஜைக்காரர்களைத் தன் கோபுரத்தைப் பார்க்க விடவில்லை. ஹெல்பர்கள் கையில் குச்சியே வரவில்லை. "நீ விடு, உடைச்சுருவ" என்று வாங்கிக்கொண்டார்கள். ஒரு கோபுரமும் நிற்கவில்லை. வூஜெக்கும் ஒருமுறை பத்துக் குழுக்களுக்கு 10,000 டாலர் மதிப்புள்ள மென்பொருளைப் பரிசாக வைத்திருக்கிறார். பத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை என்று அவரே சொல்கிறார்.

இதற்கு இன்னும் பழைய சோதனை ஒன்று உண்டு. மெழுகுவர்த்தி, ஒரு பெட்டி நிறையக் குண்டூசி ஆணி, தீப்பெட்டி. மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். ஆணிகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியையே சுவரில் அடித்துத் தட்டாக்கிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை; பெட்டி என்றால் ஆணி வைக்க என்றே கண் பார்க்கிறது. கார்ல் டங்கர் என்ற உளவியல் அறிஞரின் கணக்கு இது. 1962-இல் சாம் கிளக்ஸ்பெர்க் இதையே பணம் வைத்துச் செய்து பார்த்தார். காசு கிடைக்கும் என்று சொல்லப்பட்டவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆணிகளைப் பெட்டிக்கு வெளியே கொட்டிக் கொடுத்து, விடை கண்ணுக்குத் தெரியும்படி வைத்தபோது காசுக்காரர்கள் வேகமாக முடித்தார்கள். பீஸ் ரேட்டோடு வாழ்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். வழி தெரிந்த வேலையைக் காசு வேகப்படுத்தும். வழி தேட வேண்டிய வேலையில் கண்ணைக் கட்டிவிடும். அதற்குப் பிறகு எங்கள் விளையாட்டில் பரிசு கிடையாது. எல்லாருக்கும் டீ, உளுந்து வடை. ஜெயித்தவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு.

சரி, சொல்ல வந்த விஷயம் நாணயம்.

20 ரூபாய் நோட்டைக் கொடுத்து எதிர்க்கடையில் 20 ஒத்தை ரூபாயாக மாற்றிக்கொண்டேன். கட்டிங் டேபிளில் நான்கு பேரை வரிசையாக உட்கார வைத்தேன். முதல் ஆள் 20 நாணயத்தையும் ஒவ்வொன்றாக, ஒரே கையால், தலை பூவாகப் புரட்ட வேண்டும். அத்தனையும் புரட்டியபின் மொத்தமாக அடுத்தவரிடம் தள்ள வேண்டும். அவர் மறுபடி புரட்டித் தள்ளுவார். நான்காவது ஆள் முடித்துத் தருவதைப் பையராக, அதாவது சரக்கு வாங்குகிறவராக, நடிக்கும் ஐந்தாவது ஆள் வாங்கிக்கொள்வார். ஒவ்வொருவர் பின்னாலும் ஒருவர் மொபைலில் நேரம் பார்ப்பார். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் வெகுகாலமாக ஆடுகிற விளையாட்டு இது. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இருபது இருபதாகத் தள்ளியபோது பையர் கைக்கு வந்து சேர 2 நிமிடம் 5 விநாடி. அடுத்து ஐந்து ஐந்தாகத் தள்ளச் சொன்னேன். 58 விநாடி. பிறகு ஒவ்வொன்றாக. 41 விநாடி. முதல் நாணயம் பையர் கைக்கு ஏழாவது விநாடியிலேயே வந்துவிட்டது.

மேஜையைச் சுற்றி ஒரே சத்தம். "இவங்க வேகமாப் பண்ணுனாங்க, அதான்" என்றார் பேட்லாக் டெய்லர் ஒருவர். மொபைல்களைக் காட்டச் சொன்னேன். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் புரட்ட எடுத்த நேரம் அரை நிமிடத்துக்கு ஓரிரு விநாடி முன்பின். கடைசிச் சுற்றில் 36, 37 விநாடி. ஒவ்வொருவரும் முன்னைவிட மெதுவாகத்தான் செய்திருக்கிறார்கள், ஒவ்வொன்றாக வாங்கித் தள்ளுவதில் கை தடுமாறுகிறதே. ஆனாலும் மொத்த வேலை மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்திருக்கிறது. அமைதியாகிவிட்டார்கள். அந்த அமைதியில் நான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். பேசியிருந்தால் பாடம் நடத்தியிருப்பேன்.

நான்காவது சுற்றுக்கு ஒரு கள்ளத்தனம். இரண்டாவது இடத்தில் இருந்த ஹெல்பர் பெண்ணின் காதில், "அஞ்சாவது காசிலிருந்து எதையும் புரட்டாம அப்படியே தள்ளு" என்று சொல்லிவைத்தேன். இருபது இருபதாகத் தள்ளும் முறை. மூன்றாவது ஆள் கவனிக்கவில்லை, நான்காவது ஆள் கவனிக்கவில்லை. பையராக உட்கார்ந்திருந்த செக்கிங் அக்கா கையில் வாங்கி, "ஏனுங், பதினாறு டேமேஜ்!" என்று கத்தினார். அதே தப்பை ஒவ்வொன்றாகத் தள்ளும் முறையில் செய்தபோது ஏழாவது காசிலேயே நிறுத்திவிட்டார்.

சிரிப்பு அடங்கியபின் நான் கேட்டது ஒரே கேள்வி: "நம்ம லைன்ல இந்தப் பதினாறு டேமேஜ் எங்க இருக்குது?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த ஹெல்பர் பெண், இருபது வயதுகூட இருக்காது, தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "கழுத்து ரிப்புங்ணா. சுருக்கம் விழுந்து வருதுங். ட்ரிம் பண்ண எடுக்கறப்பவே எனக்குத் தெரியும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா வருதுங். சொன்னா அக்கா வைவாங்கன்னு சொல்லலீங்."

கழுத்துப் பட்டியாக ரிப் துணியை வைக்கிற அக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் அவளைப் பார்த்து, "நான் எப்பக் கண்ணு உன்னை வைஞ்சேன்?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்துவிட்டார், ஏனென்றால் காலையில்தான் ஒரு தடவை வைதிருந்தார். பிறகு அவரே சொன்னார்: ரிப் துணி சில ரோலில் கொஞ்சம் இறுக்கமாக வருகிறது, அதை இழுத்து வைத்தால் கழுத்து சுருங்குகிறது, பண்டில் கையை விட்டுப் போன பிறகு அவர் எந்தப் பீஸையும் திரும்பப் பார்ப்பதில்லை. செக்கிங்கில் தெரியும்போது அவர் அடுத்த இருநூறு பீஸுக்குப் போயிருப்பார்.

அவளுக்கு விடை இரண்டு மாதமாகத் தெரியும். வாராந்தர மீட்டிங்கில் நான் ஏழெட்டுத் தடவை "டேமேஜ் ஏன் வருது?" என்று கேட்டிருக்கிறேன், அவள் பின்வரிசையில் நின்றிருக்கிறாள். விளையாட்டு அவளுக்குப் புதிதாக எந்த அறிவையும் கொடுத்துவிடவில்லை. 'டேமேஜ்' என்ற சொல்லை ஒரு காசின் மேல் ஏற்றி, யார் மீதும் பழி விழாமல் ஒரு தடவை உரக்கச் சொல்ல வைத்தது. அதுவும் அந்தத் தப்பைச் செய்தவள் அவளே, நான் சொல்லித்தான். அதனால் வாய் திறந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஒரே ஒரு லைனில் சாம்பிள் போட்டோம். 25 பீஸ் பண்டிலை 5 ஆக்கினோம். இரண்டு மணி நேரத்தில் டெய்லர்கள் கொதித்துவிட்டார்கள். கட்டை அவிழ்க்கவும் கட்டவுமே நேரம் போகிறது, கை ஓடவில்லை, பீஸ் எண்ணிக்கை குறைகிறது. காசைப் புரட்டுவது வேறு, சைடு ஓவர்லாக் அடிப்பது வேறு. கைக்கு ஒரு தாளம் வேண்டும். பேசிப் பேசி 10-இல் நின்றோம். கட்டுவதற்குப் பதில் பழைய பிளாஸ்டிக் தட்டு. ரிப் அக்காவுக்கும் ஹெல்பருக்கும் நடுவே இருந்த மேஜையை எடுத்துவிட்டு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். அது அந்த அக்காவின் யோசனை. "அவ பார்த்தா என்றகிட்டயே காட்டட்டும், ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம்." சனிக்கிழமை தேறுகிற டேமேஜ் மூட்டை சின்னதாயிற்று. காணாமல் போகவில்லை.

ஆபீஸ் ஆட்களுக்கு வேறு விளையாட்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960 வாக்கில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் உருவாக்கிய பீர் கேம். எங்கள் முதலாளி வீட்டில் பீர் என்று சொல்லவே கூடாது, ஆகவே டீத்தூளாக்கிவிட்டேன். டீக்கடை, ஏஜென்சி, டிப்போ, ஃபேக்டரி என்று நான்கு நாற்காலி. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளிடம் வாரம் ஒரு சீட்டில் எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுதித் தருவார்கள். பேசக் கூடாது. ஆர்டர் போய்ச் சேரவும் தாமதம், சரக்கு வந்து சேரவும் தாமதம். கையில் 12 பெட்டி இருப்போடு தொடங்கலாம். தேங்கினால் பெட்டிக்கு வாரம் அரை ரூபாய் தண்டம், இல்லை என்று கைவிரித்தால் ஒரு ரூபாய்.

டீக்கடைக்கு வரும் வாடிக்கையாளர் சீட்டு என்னிடம் இருக்கும். முதல் நான்கு வாரம் 4 பெட்டி. ஐந்தாம் வாரத்திலிருந்து 8. அதன்பின் கடைசிவரை 8-தான், மாறவே மாறாது. அவ்வளவு சின்ன மாற்றத்துக்கு ஃபேக்டரி நாற்காலியில் இருந்த பர்ச்சேஸ் அண்ணாவுக்கு ஒரு வாரம் 40 பெட்டி ஆர்டர் வந்தது, பிறகு ஆறு வாரம் பூஜ்யம். முடிந்தபின் வாடிக்கையாளர் என்ன கேட்டிருப்பார் என்று நால்வரையும் கோடு போடச் சொன்னேன். நால்வரும் மலையும் பள்ளமுமாகப் போட்டார்கள். என் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். பர்ச்சேஸ் அண்ணா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, "அப்ப நான் இத்தனை நேரம் யாரை வைஞ்சுட்டிருந்தேன்?" என்றார். 1989-இல் ஜான் ஸ்டெர்மன் இந்த விளையாட்டின் முடிவுகளை வைத்து எழுதிய கட்டுரையிலும் ஆட்கள் இதையேதான் செய்கிறார்கள்: ஆர்டர் போட்டும் இன்னும் வந்து சேராத சரக்கை மறந்துவிட்டு, மறுபடி மறுபடி ஆர்டர் போடுகிறார்கள். எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு மாதம் பாலி பேக் தட்டுப்பாடும் அடுத்த மாதம் பாலி பேக் மூட்டையில் நடக்க முடியாத நிலையும் ஏன் என்று அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை. 'வந்துகொண்டிருக்கும் சரக்கு' என்று ஆர்டர் நோட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டார்கள். மூன்று மணி நேர விளையாட்டு, ஒரு பத்தி. லாபம்தான்.

சரியாக வராதவையும் உண்டு. ஆறு பேர், ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு மூன்று யோசனை தாளில் எழுதி அடுத்தவருக்கு நகர்த்த வேண்டும், அவர் அதைப் பார்த்து மேலும் மூன்று எழுத வேண்டும். அரை மணி நேரத்தில் 108 யோசனை. பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் 1968-இல் எழுதிய முறை. வாய் பெரியவர்கள் மட்டுமே பேசுவதைத் தடுக்கிற நல்ல வழி, ஆபீஸில் பிரமாதமாக ஓடியது. லைனில் போட்டேன். பேனாவைக் கையில் கொடுத்ததும் இரண்டு அக்காக்கள் பாத்ரூம் போகிறோம் என்று எழுந்தவர்கள் திரும்பி வரவில்லை. எழுத வராது என்பதைப் பத்துப் பேர் முன்னால் காட்டிக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். வடக்கே இருந்து வந்த பையன்களுக்கோ தமிழ் எழுத்தே தெரியாது. அதற்குப் பிறகு லைனில் கையால் செய்கிற, எண்ணுகிற, அடுக்குகிற விளையாட்டு மட்டுமே. ஒடியா பேசுகிறவனும் தமிழ் பேசுகிறவளும் ஒரு காசைத் தள்ளிக்கொள்ள மொழி வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது நோட்டுப் புத்தகம். ஒருநாள் விளையாட்டின்போது மேனேஜர் ஒருவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். யார் கெட்டி, யார் மந்தம் என்று சம்பள உயர்வுக்காக எழுதுகிறார் என்று அரை மணி நேரத்தில் ஹால் முழுக்கப் பரவிவிட்டது; உண்மையும் அதுதான். அடுத்த இரண்டு மாதம் எந்த விளையாட்டிலும் எவரும் தப்பே செய்யவில்லை. கோபுரங்கள் எல்லாம் ஒரு சாண் உயரத்தில், பத்திரமாக, உறுதியாக நின்றன. நான் போய்ச் சண்டை போட்டுத்தான் அந்த நோட்டை நிறுத்தினேன். இப்போது விதி என்னவென்றால், பார்க்க வருகிறவரும் ஆட வேண்டும், அதுவும் ஹெல்பர் இடத்தில். முதலாளிக்கும் அதேதான். ஒருமுறை அவர் காசைப் புரட்டி 52 விநாடி எடுத்தார். பிறகு ஒரு வாரம் டீ குடிக்கும் இடத்திலெல்லாம் அதே பேச்சு.

நடத்தி நடத்திப் பழகிப்போன சில பழக்கங்கள். விளையாட்டு 20 நிமிடம் என்றால் பேச்சுக்கு 30 நிமிடம் ஒதுக்கிவிடுவேன், பேச்சுக்கு நேரமில்லாத நாளில் விளையாடவே மாட்டோம். "என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பதில்லை, கேட்டால் ஒற்றுமையே பலம் என்று பள்ளிக்கூடப் பதில் வரும். "எங்க சிக்குச்சு?", "அப்ப என்ன நெனச்சீங்க?" என்று கேட்டால் ஆள் பேசுவார். பேச்சில் வந்ததில் ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் லைனில் செய்து காட்டிவிட வேண்டும், சின்னதாக இருந்தாலும். மேஜையை ஓர் அடி நகர்த்தினாலும் போதும். செய்யாமல் விட்டால் அடுத்த தடவை பலூன் நாள் மாதிரியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஷிப்மென்ட் நெருக்கத்தில் நடத்தக் கூடாது. காலையிலும் வேண்டாம். நாலு மணி டீக்கு முன்னால் தொடங்கினால் டீயோடு பேச்சு தானாக ஓடும். 'விளையாட்டு' என்ற சொல்லையும் நான் இப்போது எடுப்பதில்லை. "வாங்க, ஒரு கணக்குப் பார்க்கலாம்" என்றால் வயசான அக்காக்கள்கூட வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கட்டிங் மாஸ்டர் மட்டும் இதையெல்லாம் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். "காசு கொடுத்து வெளிநாட்டு ஆட்டம் ஆடுறீங்க. ஆடு புலியில இல்லாததா?" என்று ஒருநாள் மார்க்கிங் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கட்டம் போட்டார். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலியாக அவர். ஆட்டை ஐந்து பேருக்கு மும்மூன்றாகப் பிரித்துக் கொடுத்து, பேசக் கூடாது என்றார். கால் மணி நேரத்தில் எட்டு ஆட்டை வெட்டித் தின்றுவிட்டார். ஒவ்வொருவரும் தன் மூன்று ஆட்டைக் காப்பாற்றப் பார்த்தார்கள், பக்கத்து ஆடு வெட்டுப்படுவதை யாரும் தடுக்கவில்லை. அடுத்த ஆட்டம் பேசலாம் என்றார். புலி மூன்றும் மூலையில் மாட்டின. ஒப்புக்கொள்கிறேன், மாஸ்டரின் விளையாட்டு என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. கட்டிங், தையல், பேக்கிங் மூன்றும் மூன்று தீவாக இருக்கும் எங்கள் கம்பெனிக்கு அதைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும்.

அந்த இருபது காசும் ஒரு பழைய பாபின் டப்பாவில் கிடக்கின்றன. அன்றைக்குத் தலை குனிந்து பேசிய பெண் இப்போது ஓவர்லாக் டெய்லர். போன மாதம் புதிதாக எட்டுப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்தபோது டப்பாவை அவளே எடுத்துக்கொண்டு போனாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரைகுறை இந்தியில், "ஏக் ஏக்" என்று விரலால் காட்டினாள். நான்கு பேர் வேண்டும், மூன்று பேர்தான் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் கூச்சப்பட்டு விலகி நின்றார்கள். "அண்ணா, நீங்க மூணாவதுல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். இடப்பக்கத்துப் பையன் படு வேகம். என் முன்னால் காசு சேரத் தொடங்கியது. மூன்று, ஐந்து, ஏழு. அவள் மொபைலைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா," என்றாள், "உங்ககிட்டதாங் தேங்குது."